ரோவல் ரோடு பாய் கடையும் செத்துப்போன என் என்95-ம்

பழைய நோக்கியா போனைப் பழுதுபார்க்கக் கொடுத்ததில் ஆனது 3 வாரம், 75 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு திருகாணி குறைவு. கடையில் சொன்னதென்னவோ 3 நாள், 40 வெள்ளி. அப்படியும் ஐந்துக்கு நாலு போடுகிறேன். காரணம் கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்தால் போதும். கடை எப்போது திறக்கும், என்ன எடுத்துப்போக வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது.

கடை சிங்கப்பூர் ரோவல் ரோட்டில், கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையை ஒட்டினாற்போல இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். "பேரப் போட்டா ஆளு வரும் தம்பி, ஆளு வந்தா வேலை கெடும்லா" என்றார். கடையநல்லூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், தெருவுக்கே அவர் பாய்தான். முன்பாதியில் வழக்கமான சரக்கு: டாப்-அப், ஊருக்குப் பேசுகிற சிம், கவர், திரைக்குக் கண்ணாடி ஒட்டுவது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. பின்பாதியில் ஒரே ஒரு மேசை. அதன்மேல் மைக்ரோஸ்கோப், சூடான காற்று ஊதும் ஸ்டேஷன், மிட்டாய் டப்பாக்களில் திருகாணிகள், விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஒரு லேப்டாப். அந்த லேப்டாப்பை ஏன் இன்னும் வைத்திருக்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

நான் கொண்டுபோனது நோக்கியா என்95. 2007-இல் வந்த மாடல். மேல்பக்கம் தள்ளினால் எண் விசைகள் வரும், கீழ்ப்பக்கம் தள்ளினால் பாட்டு விசைகள் வரும், திரை தானே படுத்துக்கொள்ளும். பின்னால் 5 மெகாபிக்சல் கேமரா, கார்ல் சைஸ் லென்ஸ், லென்ஸுக்கு மேல் சின்னதாக ஒரு மூடி. மூடியை விரலால் தள்ளினால் கேமரா விழித்துக்கொள்ளும். அப்போது நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பைப் ஃபிட்டர். 2008-இல், ஊருக்குத் திரும்பிப்போன ஒருவரிடம் 380 வெள்ளிக்கு இதை வாங்கினேன். என் மாதச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. விடுதியில் எங்கள் அறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். "அம்மாவுக்கு அனுப்புற காசுல போன் வாங்கிட்டு வந்து நிக்கிறான் பாரு" என்றவர், அப்புறம் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அம்மாவுக்காகத்தான் வாங்கினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

போன் 2013-லேயே நின்றுவிட்டது. வீடு மாறும்போதெல்லாம் டிராயரோடு டிராயராக அதுவும் வந்தது. போன மாதம் எதற்கோ தேடும்போது கையில் பட்டது, சரி, எழுப்பித்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். முதலில் போனது பாய் கடைக்கு அல்ல. ஒரு பேரங்காடியில் இருக்கும், ஏசி போட்ட வேறொரு கடைக்கு. அங்கிருந்த பையன் எடுத்த எடுப்பில் "ஃபிளாஷ் அடிச்சுத் தரேன் அங்கிள், புதுசு மாதிரி ஆயிடும்" என்றான். ஃபிளாஷ் அடித்தால் போனின் நினைவகத்தில் இருப்பது மொத்தமும் போய்விடும். உள்ளே இருப்பதுதான் வேண்டும் என்றேன். "2009 மெசேஜை வெச்சு என்ன பண்ணப் போறீங்க" என்றான். பதில் சொல்லாமல் போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாய் எடுத்த எடுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. போனைக் காதருகே வைத்து ஸ்லைடரை இரண்டு முறை தள்ளினார். "ஃபிளெக்ஸ் போயிருக்கு. அது மட்டும்னா சந்தோசம்" என்றார். (ஃபிளெக்ஸ் என்பது ஸ்லைடரின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் மெல்லிய நாடா.) பேட்டரி உப்பிப்போய்ப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதை எடுத்துத் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டார். நட்சத்திரத் தலைத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு காகிதத்தில் போனின் படத்தைக் கோடாகப் போட்டு, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே வைத்தார். (ஒன்று எப்படிக் குறைந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.) போர்டின் ஓரத்தில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி அரிப்பு. பல் துலக்கும் பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்தார். பிறகு போர்டை மட்டும் பவர் சப்ளையில் மாட்டி, ஆன் விசை இருக்கும் இடத்தை இடுக்கியால் தொட்டுவிட்டு, முள்ளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முள் கொஞ்சம் ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது.

"துள்ளுதுலா? உயிர் இருக்கு. ஏறி அப்படியே நின்னுச்சுன்னா எங்கேயோ ஷார்ட்டுன்னு அர்த்தம். இது துள்ளுது."

அதற்கப்புறம்தான் கேட்டார், "அப்படி உள்ள என்ன தம்பி வெச்சிருக்கீங்க?"

நேரலை என்றேன். பாய்க்கு நேரலை என்றால் இப்போது முன்பாதியில் நின்று ஊர்க்காரர்கள் விளக்குவட்டம் வைத்துச் செய்கிற சங்கதி. 2008-லேயா என்று நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் பாய், 2008-லேயே.

குயிக் என்று ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. ஆங்கிலத்தில் கியூ, ஐ, கே என்று மூன்றே எழுத்து. செயலி என்ற சொல்லெல்லாம் எங்கள் வாயில் நுழையாத காலம். போனில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு விசையை அழுத்தினால், கேமரா பார்ப்பது அப்படியே இணையத்தில் ஓடும். ஊரில் இருப்பவர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம், தட்டச்சு செய்தால் அது என் திரையில் வரும். வெட்டுவது, ஒட்டுவது, பின்னணி இசை போடுவது ஒன்றும் கிடையாது. ஒருமுறை ஓடியது ஓடியதுதான். அதற்கு முந்தின வருடம், 2007 மார்ச்சில், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு தன் வாழ்க்கையை நாள் முழுக்க ஒளிபரப்பத் தொடங்கியிருந்தார். அதற்காக அவர் முதுகுப்பையில் கணினியைச் சுமந்துகொண்டு திரிந்தார். அடுத்த வருடமே அந்த வேலையைச் சட்டைப்பை போன் செய்தது. அதே 2007-இல் வந்த யூஸ்ட்ரீம் என்ற சேவை, ஈராக்கில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டாரோடு தொடர்பில் இருக்கட்டும் என்று யோசித்துத் தொடங்கப்பட்டதாம். இதைப் பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. துவாஸில் இரும்புக் கட்டிலை அடுக்கி வைத்திருந்த எங்கள் அறையும் கிட்டத்தட்ட ஒரு முகாம்தான்.

படம் 320-க்கு 240 புள்ளி. தீப்பெட்டி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்95-இல் 3ஜி வழியாக மேலே அனுப்பும் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 384 கிலோபிட். அதற்குள் படமும் குரலும் போயாக வேண்டும். பேட்டரி 950 மில்லி ஆம்பியர்-மணி. கேமரா, ரேடியோ, திரை மூன்றும் சேர்ந்து அதை உறிஞ்சும் என்பதால் சார்ஜ் ஏற்றிய பேட்டரி இன்னொன்று எப்போதும் என் பையில் இருக்கும். முதல் மாதம் எனக்கு வந்த தொலைபேசிக் கட்டணம் 214 வெள்ளி. எந்த நிறுவனம் என்பதை விடுங்கள், அந்தக் கதையைச் சொன்னால் இன்றைக்கும் ரத்தக் கொதிப்பு ஏறும். அதற்கப்புறம் வயர்லெஸ் அட் எஸ்ஜி. 2006 டிசம்பரில் வந்த இலவச வைஃபை, வேகம் 512 கிலோபிட். தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்தில் அது எந்த மூலையில் எட்டும், எந்தத் தூணுக்குப் பின்னால் எட்டாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்தப் பக்கம் பேராவூரணியில் ஒரு நெட் சென்டர். அம்மா ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மினி பஸ் பிடித்து வருவார். இங்கே ஆறரை மணி. சென்டர் பையன் பக்கத்தைத் திறந்து கொடுப்பான், அம்மா சொல்வதைத் தட்டச்சு செய்வான். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால் திரையில் வருவதைப் படிக்க முடியாது. அதனால் அவசரமென்றால் எஸ்எம்எஸ் அனுப்புவான், சத்தம் கேட்டுப் பார்ப்பேன். காசு அதிகம் என்பதால் தந்தி மாதிரி நாலே வார்த்தை.

என்ன காட்டினேன்? சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்து சிராங்கூன் ரோட்டைக் காட்டியிருக்கிறேன். தேக்கா சந்தையில் காய்கறிக் கடைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காட்டியிருக்கிறேன். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று அம்மா கும்பிட்டு முடிக்கும்வரை கையை ஆட்டாமல் பிடித்திருக்கிறேன். படம் சில நொடி தாமதமாகப் போகும். நான் "கும்பிட்டாச்சா" என்று கேட்டால் பதில் வருவதற்குள் இரண்டு சிக்னல் மாறியிருக்கும்.

2009 தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு பக்கமாகக் காவடிகளோடு கொஞ்ச தூரம் நடந்துகொண்டே காட்டினேன். அம்மாவுக்கு ஒரே குழப்பம். இத்தனை காவடி போகிறது, மேளத்தைக் காணோமே, உன் போனில் சத்தம் வரவில்லையா என்று கேட்டார். போன் மேல் குற்றமில்லை. இங்கே 1973 முதல் ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை. 2016-இல்தான் மூன்று இடங்களில் மட்டும் வாசிக்க விட்டார்கள். ஊரில் நான் வாயால் எத்தனை முறை விளக்கியிருந்தாலும் அம்மா நம்பியிருக்க மாட்டார். வேல் வேல் என்ற குரலும் அலகுகள் உரசுகிற சத்தமும் மட்டும் கேட்கிற ஒரு காவடியைத் தன் காதால் கேட்டபின் நம்பினார்.

அந்த வருடம் மே மாதம் ஒரு மழை. ஊரில் கத்திரி வெயில். நான் தேக்கா நிலையத்துக்கு மேலே இருக்கும் புளோக்கில் ஒதுங்கி நின்றேன். காட்ட ஒன்றுமில்லையே என்று நிறுத்தப்போனேன். அம்மா வேண்டாம், அப்படியே பிடி என்றுவிட்டார். எதிரே பஃபலோ ரோட்டில் ஒரு தார்ப்பாய் தண்ணீர் கோத்துக்கொண்டு தொங்குகிறது, ஒருவர் துடைப்பக் கட்டையால் அதைக் கீழிருந்து குத்துகிறார், தண்ணீர் கொட்டுகிறது, மறுபடி கோக்கிறது. 40 நிமிடம் இதுதான். நடுவில் பேட்டரி மாற்றினேன். அம்மாவோடு அடுத்த நாற்காலியில் யாரோ ஒரு பாட்டியும் உட்கார்ந்து பார்த்ததாகப் பையன் அப்புறம் சொன்னான்.

இன்னொன்றும் உண்டு. நான் அம்மாவிடம் கம்பெனி வேன் என்று சொல்லி வைத்திருந்தேன். வேனில்தான் வேலைக்குப் போகிறேன், வேனில்தான் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறேன் என்று. ஒரு நாள் ஒளிபரப்பை நிறுத்திவிட்டதாக நினைத்துப் போனைச் சட்டைப்பையில் செருகினேன். நிறுத்தவில்லை. கேமரா பைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லோரியின் பின்கதவு, அதைப் பிடித்து ஏறுகிற கைகள், வரிசையாக முழங்கால்கள், விரைவுச்சாலையில் பின்னால் ஓடும் விளக்குகள் எல்லாம் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த வாரம் அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்திருக்க மாட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். (லோரியின் பின்னால் ஆள் ஏற்றிப்போவது இந்த ஊரில் இன்னும் நிற்கவில்லை. அது வேறு பஞ்சாயத்து.)

பாய் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அந்த வீடியோ எல்லாம் இதுக்குள்ள இருக்கா?" என்றார்.

இல்லை. அதுதான் கொடுமை. படம் போனில் தங்கவில்லை, குயிக்கின் கணினிகளுக்குப் போனது. குயிக்கை 2011-இல் ஸ்கைப் வாங்கியது, அதே வருடம் ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2014 ஏப்ரல் 30-ஆம் தேதி குயிக்கை மூடிவிட்டார்கள். என் கணக்கில் இருந்த மின்னஞ்சல் முகவரியை நான் எப்போதோ கைவிட்டிருந்தேன், மூடப்போகும் செய்தியே எனக்குத் தெரியாது. தப்பு என்னுடையதுதான். 2025 மே மாதம் ஸ்கைப்பும் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பையன் அனுப்பிய எஸ்எம்எஸ்கள். அவை மட்டும்தான் போனுக்குள் இருந்தன.

பாய் ஃபிளாஷ் அடிக்காமல் செய்து தருகிறேன் என்றார். 3 நாளில் வாங்க என்றார்.

3 நாள் கழித்துப் போனால் ஃபிளெக்ஸ் வரவில்லை. அடுத்த வாரம் போனால் பாய் இல்லை, கடையில் இருந்த பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டார். ஒரு மதியம் எடுத்தார், தொழுகைக்குப் போகிறேன் என்று வைத்துவிட்டார். ரசீதும் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம், போனை விற்றுவிட்டாரோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. (2007 மாடலை யாரிடம் விற்பது?) இதற்குத்தான் ஒரு புள்ளியைக் குறைத்தேன்.

அந்த மூன்று வாரம் வீட்டில் இதே பேச்சு. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளிடம் மழைக் கதையைச் சொன்னேன். "நாப்பது நிமிஷமா? அதுல என்னப்பா கன்டென்ட்?" என்றாள். அவள் ஒரு நிமிடக் காணொளிக்குப் பதினோரு டேக் எடுக்கிறவள். அவளைக் குறை சொல்லவில்லை, அவளை ஐந்நூறு பேர் பார்க்கிறார்கள், என்னை ஒருவர் பார்த்தார். ஐந்நூறு பேருக்கு மழையைக் காட்ட எனக்கும் தைரியம் வந்திருக்காது.

ஆனால் மழையைப் பார்க்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2015-இல் டிவிட்டர், பெரிஸ்கோப் என்று ஒரு நேரலைச் செயலியை விட்டது. முதல் மாதங்களில் அதில் நுழைந்தால் உலகத்தில் யார் யாரோ தெருவில் நடந்துகொண்டிருப்பார்கள், சமைத்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பவர்கள் "ஃபிரிட்ஜைத் திறந்து காட்டு" என்று எழுதுவார்கள், அவர்களும் திறந்து காட்டுவார்கள். முட்டை, பால், பாதி வெட்டின எலுமிச்சை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. 2016 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு நடைபாதையில் தேங்கிய தண்ணீரை மக்கள் எப்படித் தாண்டுகிறார்கள் என்று ஓர் அலுவலகத்தார் ஜன்னலிலிருந்து பெரிஸ்கோப்பில் காட்டினார்கள். ஒரே நேரத்தில் 20,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். செய்தியில் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். பேராவூரணி நெட் சென்டரில் இரண்டு பேர் அதை ஏழு வருடம் முன்பே செய்துவிட்டார்கள்.

அதே 2016-இல் ஃபேஸ்புக் நேரலையை எல்லாருக்கும் திறந்துவிட்டது. நம் சிங்கப்பூரிலேயே பிறந்த பிகோ லைவும் அந்த வருடம்தான் வந்தது. பார்ப்பவர் காசு கொடுத்து வைரம் வாங்கிப் பரிசு அனுப்பலாம், காட்டுகிறவர் கணக்கில் அது பீன்ஸாக ஏறும், பீன்ஸைக் காசாக்கலாம். 2017-இல் யூடியூப் கைப்பேசி நேரலையைக் கொண்டுவந்தபோது முதலில் 10,000 சந்தாதாரர் உள்ளவர்களுக்குத்தான் கொடுத்தது. அந்தக் கணக்கில் நான் 9,999 பேர் குறைவு. பெரிஸ்கோப்பை 2021 மார்ச் கடைசியில் மூடினார்கள். இப்போது நேரலை என்றாலே ஒன்று புடவை விற்கிறார்கள், இல்லையென்றால் பரிசு அனுப்பியவர் பெயரை வாசித்து நன்றி சொல்கிறார்கள். வியாபாரம், செய்யட்டும். ஒருவரும் எதையும் விற்காமல், யாரையும் சிரிக்க வைக்காமல், சும்மா போனைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு மூன்று வருடத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

சரி, கடைக்கு வருவோம். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை பாயே கூப்பிட்டார். போனேன். புது ஃபிளெக்ஸ் இல்லை, இன்னொரு செத்த என்95-இலிருந்து எடுத்துப் போட்டது. அது கிடைக்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று என்றார். விலை ஏறினதும் அதனால்தான். ஆன் செய்தார். இரண்டு கைகள் நீண்டு ஒன்றையொன்று பிடித்தன, அந்தப் பழைய மணி அடித்தது. முன்பாதியில் டாப்-அப் வாங்க நின்ற இரண்டு பேர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். திரையில் சிக்னல் கோடு இல்லை.

"கோடு வராது தம்பி. போன் மேல தப்பில்ல. இங்க 2ஜி 2017-லயே போச்சு, 3ஜி 2024-ல போச்சு. இது பேசணும்னா பேச ஆள் இல்ல."

அந்த எக்ஸ்பி லேப்டாப் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. அதில் நோக்கியா பிசி சூட் இருக்கிறது. மினி யுஎஸ்பி கேபிளை மாட்டி, எஸ்எம்எஸ் மொத்தத்தையும் இறக்கி, எனக்கு ஒரு தம்ப் டிரைவில் போட்டுக் கொடுத்தார். இதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. நான் பொறுமையில்லாமல் போன் திரையிலேயே படிக்க ஆரம்பித்தேன். நெட் சென்டர் பையனிடமிருந்து மட்டும் 61.

"அண்ணே அம்மா வந்தாச்சு ஆன் பண்ணுங்க."

"கரண்ட் போச்சு. யுபிஎஸ் 5 நிமிசம்."

"முருங்கக்கா என்ன வெலன்னு கேக்குறாங்க."

"மேளம் ஏன் இல்ல."

"மழைய ஆப் பண்ணாதீங்க."

"போன நேரா புடிங்கண்ணே அம்மாவுக்கு கழுத்து வலிக்குது."

படிக்கப் படிக்க எந்த ஞாயிறு, நான் எங்கே நின்றேன் என்பது தானாக வந்தது. படம் போய்விட்டது, படத்தைப் பார்த்தவர் கேட்ட கேள்விகள் இருக்கின்றன. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

என்95-இல் படிக்காத செய்திக்கு மூடின கடித உறை காட்டும். 61-இல் இரண்டு உறைகள் மூடியிருந்தன. இரண்டும் ஒரே நாள், ஒரு ஞாயிறு இரவு. போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்த நேரத்தில் வந்து, மறுநாள் ஆன் செய்தபோது மற்றதோடு மற்றதாக விழுந்து கீழே போயிருக்க வேண்டும். முதலாவது: "அது லாரியான்னு கேக்குறாங்க." அடுத்தது நாலு நிமிடம் கழித்து: "கம்பிய புடிச்சி உக்கார சொன்னாங்க."

கடையிலிருந்தே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். 74 வயது, இப்போது தினமும் வீடியோவில்தான் பேசுவார். விஷயத்தைச் சொன்னேன். "பதினாறு வருசம் கழிச்சு இதுக்குத்தான் கூப்பிட்டியா" என்றார். பார்த்தீங்களா அன்னிக்கு என்றேன். "பாக்காம? வேன்னு சொன்ன புள்ளைகிட்ட லாரியான்னு கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. அதான் விட்டுட்டேன்." அப்புறம் பின்னால் நிற்கிறவர் யார் என்று கேட்டார். போனை பாய் பக்கம் திருப்பினேன். இருவரும் சலாமும் வணக்கமுமாக ஐந்து நிமிடம் பேசினார்கள், பெரும்பாலும் மூட்டு வலியைப் பற்றி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதியை நம்ப வேண்டாம், ஏழால் பெருக்கிக்கொள்ளுங்கள். விலையை முதலிலேயே எழுதி வாங்குங்கள். என் போனில் கேமரா மூடி இப்போது பாதியில் சிக்குகிறது, திரையில் இடது மூலையில் ஒரு மஞ்சள் கறை. இரண்டையும் சொன்னேன், "அந்த உதிரி எடுத்த போனுல இருந்த கறை தம்பி அது" என்று முடித்துவிட்டார். புதிய ஐபோன் பழுதுக்கு இந்தக் கடை வேண்டாம், அதற்கு அவருக்குப் பொறுமையும் இல்லை, ஆசையும் இல்லை. விசை வைத்த பழைய போன், உள்ளே ஏதோ இருக்கிறது, அழிக்காமல் வேண்டும் என்றால் வேறு எங்கும் அலைய வேண்டாம்.

காலை பதினொன்றுக்குத் திறக்கிறார், இரவு ஒன்பது வரை இருப்பார். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஞாயிறு போகாதீர்கள், கூட்டத்தில் உங்களைக் கவனிக்க முடியாது. காசுதான், பேநவில் (போன் வழியாக வங்கிப் பணம்) அனுப்பினால் முகம் சுளிப்பார். நோக்கியா கொண்டுபோகிறவர்கள் சார்ஜரையும் கையோடு எடுத்துப் போங்கள். என்95 யுஎஸ்பியில் சார்ஜ் ஏறாது, மெல்லிய முனை சார்ஜர் வேண்டும், அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதன் ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.